ஏழாம் நம்பர் பஸ்ஸின் மூக்கு

காலை ஐந்து நாற்பத்தேழுக்கு ஏழாம் நம்பர் பஸ் கேட்டுக்குள் நுழைந்தது.

பனி இன்னும் விலகவில்லை. ரூபி முதலுதவி அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் அந்தத் தொழிற்சாலையில் அவள்தான் நர்ஸ். மூன்று வருடமாக விரல் வெட்டுக்கும் தலைச்சுற்றலுக்கும் மருந்து கொடுத்து வந்தவளுக்கு இந்த ஜனவரியில் வேறு வேலை வந்து சேர்ந்திருந்தது.

மாதேஷ் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு கையிலும் ட்ரேயைத் தாங்கி வந்தான். அசெம்ப்ளி லைனில் கனெக்டர் அடுக்கும் நீல ட்ரே. அதில் வெள்ளை வெள்ளையாக முப்பத்தெட்டு கொரோனா டெஸ்ட் கேசட். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஒரு பெயர்.

"குட்மார்னிங் சிஸ்டர். இன்னிக்கும் நம்ம பஸ்ஸு சுத்தம்."

"அத நான்தான் சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்க. நான் மாஸ்க்க கழட்டாம கேட்டுக்கறேன்."

ரூபி வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. ஒரு கோடு என்றால் தொற்று இல்லை. இரண்டு கோடு என்றால் உண்டு. முப்பத்தெட்டு பெயருக்கு எதிரே முப்பத்தெட்டு முறை நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் எல்லோருக்கும் கேட்டிலேயே வைத்துத்தான் மூக்கில் குச்சி விட்டார்கள். வரிசை ரோடு வரை போனது. ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிடம் தாமதமாயிற்று. மனிதவளப் பிரிவின் பிரேம்குமார் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார். கிட்டுகள் முந்தின நாள் மாலையே பஸ்ஸில் ஏறிவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பஸ் சூளகிரி தாண்டியதும் டிரைவர் உள்ளே விளக்கைப் போடுவார். அவரவர் மூக்கில் அவரவர் குச்சி விட்டு, டியூபில் கலக்கி, பஸ்ஸுக்குப் பொறுப்பானவரிடம், ஏழாம் நம்பரில் மாதேஷிடம், கொடுக்க வேண்டும். அவர் கேசட்டில் சொட்டு விடுவார். கேட்டுக்கு வருவதற்குள் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். ரூபி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நான்காம் நாள் இன்னொரு விதியையும் பிரேம்குமாரே எழுதினார். ஒரு கேசட்டில் இரண்டு கோடு வந்தால் அந்த பஸ் முழுவதும் ஏழு நாள் வீட்டுக்கு.

*

ரூபிக்கு அந்தக் கோடு வெறும் வேலை இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் பெங்களூரில் அவள் கணவன் யேசுராஜுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அவன் அக்கா. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பையே கீழே அழுத்தி வைக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தடுப்பூசி போட்டாலும் இவருக்கு அது எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியாது. கொரோனா வந்தால் எப்படிப் போகும் என்று எங்களால் சொல்ல முடியாது. வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது அலை தொடங்கியதும் ரூபி கம்பெனி ஹாஸ்டலில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். யேசுராஜ் ஒத்துக்கொள்ளவில்லை.

"உலகத்துக்கே நீதான் டெஸ்ட் எடுக்குற. உனக்கு ஒண்ணு எடுத்துக்க முடியாதா?"

அப்படித்தான் முடிவாயிற்று. தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மூக்கில் குச்சி விடுவாள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். ஒற்றைக் கோட்டைப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுப்பாள். அந்தக் கோட்டை நம்பித்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏழாம் நாள் அந்த நம்பிக்கை ஆட ஆரம்பித்தது.

காலை ஷிஃப்டுக்கு நான்கு பஸ். முதல் மூன்று நாளில் மற்ற பஸ்களில் ஐந்து பேருக்கு இரண்டு கோடு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஏழாம் நம்பரில் முதலிலிருந்தே ஒன்றுமில்லை. ஊரில் கேட்டால் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மருந்துக்கடையில் பாரசிட்டமால் தீர்ந்து, மறுபடி வந்து, மறுபடி தீர்ந்தது. கம்பெனி மட்டும் தனித் தீவு மாதிரி இருந்தது.

"சிஸ்டரு, லேடீஸ் பாத்ரூம் பக்கம் போயிப் பாருங்க" என்றாள் வெங்கடம்மா. முதலுதவி அறையையும் அந்தப் பக்கத்து வராந்தாவையும் பெருக்குகிறவள். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். "தண்ணிச் சத்தமே கேக்கல. இருமல் சத்தம்தான். என்னப் பாத்தா நிறுத்திடறாங்க. நான் ஏதோ போலீசு மாதிரி."

"யாரு யாரு?"

"நான் சொன்னா, அப்புறம் நான் நெஜமாவே போலீசு ஆயிடுவேன்."

ரூபி முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். மங்கலான கோட்டைத் தவறவிடுகிறேனோ என்று ஒரு ட்ரேயை டார்ச் அடித்துப் பார்த்தாள். இல்லை. பிறகு ஸ்டோரைச் சந்தேகப்பட்டாள். கிட்டு வெயிலில் கிடந்திருக்கலாம். ஒரு தெர்மாமீட்டரை இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு டிகிரி. காலாவதித் தேதிக்கும் இன்னும் பத்து மாதம் இருந்தது.

கடைசியில், கிட்டோடு வரும் மடித்த தாளை முதல்முறையாக முழுதும் படித்தாள். வைரஸின் எல்லா உருமாற்றங்களையும் கண்டறியும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தாளின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், அச்சிட்ட மாதம். செப்டம்பர்.

இப்போது ஊரெல்லாம் பரவுகிற புது வகைக்குப் பெயர் வைத்ததே நவம்பர் கடைசியில். செப்டம்பரில் அச்சடித்தவனுக்கு நவம்பரில் வரப்போவது எப்படித் தெரியும்?

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிரேம்குமாரின் அறைக்குப் போனாள்.

பிரேம்குமார் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "கிட்டுக்கு அப்ரூவல் இருக்கு சிஸ்டர்."

"அப்ரூவல் குடுத்தப்ப இந்த வைரஸ் இல்லீங்க சார்."

"வைரஸ் சட்டைய மாத்திக்கும். ஆளு அதே ஆளுதான்."

"கிட்டு ஆளப் பாக்குதா சட்டையப் பாக்குதான்னு நமக்குத் தெரியாதுல்லீங்களா? பத்து பேரையாவது பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாக்கலாம் சார். ஆர்டிபிசிஆர். கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே எடுக்கறாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாசிட்டிவ் வரலன்னு கவலப்படுற மொத ஆளு நீங்கதான். பொங்கலுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய ஆர்டர் எவ்ளோன்னு தெரியுமா? தெரியாது. அது என் தலவலி. உங்க வேல, கோடு ஒண்ணா ரெண்டான்னு பாக்கறது."

ரூபி எழுந்தாள்.

"அப்புறம் சிஸ்டர், ஒன்பது நாள் ஷீட்லயும் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாங்க சார்."

"இல்ல, சொம்மா கேட்டேன்."

சும்மா கேட்டது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

*

மறுநாள் காலை அவள் ட்ரேயை வேறு கண்ணால் பார்த்தாள்.

கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டுக்குக் கீழே, சொட்டு விடுகிற சிறிய குழியைப் பார்த்தாள். மற்ற மூன்று பஸ்களின் கேசட்டில் குழி வெள்ளையாக இருந்தது. ஏழாம் நம்பர் ட்ரேயில் லேசான ரோஸ் நிறம். ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. முப்பத்தெட்டிலும்.

மூக்கில் குச்சி பட்டு ஒருவருக்கு ரத்தம் கசியலாம். இரண்டு பேருக்குக் கசியலாம். ஒரு பஸ்ஸுக்கே மூக்கில் ரத்தம் வருமா?

மாதேஷ் லைனுக்குப் போயிருந்தான். பஸ்ஸிலிருந்து வந்த மஞ்சள் குப்பைப் பை மேசைக்கடியில் கிடந்தது. ரூபி இரண்டு கையுறை போட்டுக்கொண்டு அதைப் பேப்பர் விரித்த தரையில் கொட்டினாள். வெங்கடம்மா துடைப்பத்தோடு இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ தேவுடா. அதுல என்ன தேடறீங்க சிஸ்டரு?"

உபயோகித்த குச்சி பதினொன்று. உபயோகித்த டியூப் பதினொன்று. மீதி இருபத்தேழு குச்சியும் உறை பிரிக்காமல் ஒரு ரப்பர் பாண்டில் கட்டியிருந்தது. ஒரு டியூபிலிருந்து மூன்று நான்கு கேசட்டுக்குச் சொட்டு விட முடியும்.

பதினொரு குச்சி. எல்லாவற்றின் நுனியிலும் அதே ரோஸ்.

மாதேஷை லைனிலிருந்து கூப்பிட்டு வரச் சொன்னாள். அவன் வந்து, ரப்பர் பாண்ட் போட்ட கட்டைப் பார்த்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உக்காரு."

"நிக்கறேன் சிஸ்டர்."

"யாரு மூக்கு?"

அவன் மாஸ்க்கைத் தொட்டுக்கொண்டான். "என்னோடதுதான்."

"முப்பத்தெட்டும்?"

"மொத நாலு நாளு எல்லாரும்தான் போட்டாங்க. அஞ்சாவது நாளு சௌமியாவுக்கு ஒடம்பு சரியில்ல. காண்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணு. போன அலையில ஏழு நாளுன்னு அனுப்புனவங்கள்ல பாதிப் பேர திருப்பிக் கூப்புடல சிஸ்டர். அவளுக்கு ரெண்டு கோடு வந்தா முப்பத்தெட்டு பேரும் காலி. பஸ்ஸே அழுவுது. யாரோ சொன்னாங்க, மாதேஷ் மூக்கு ராசியான மூக்கு, எப்பவும் ஒத்தக் கோடுதான்னு. அவளுக்கு மட்டும்னு ஆரம்பிச்சது. அப்புறம் ஆளாளுக்கு, மாதேஷு எனக்கும், மாதேஷு எனக்கும்னு."

"நீயும் குடுத்துட்டே இருந்த."

"பஸ்ஸுல எனக்கு இப்ப சன்னல் சீட்டு சிஸ்டர். தெனம் யாராவது ஒருத்தர் இட்லி கொண்டாந்து தர்றாங்க." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். அடக்க முடியாமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரூபி அவன் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரைப் பிடித்தாள். நூற்றொன்று புள்ளி நான்கு.

"எப்பலருந்து?"

"நேத்து காலையிலருந்து. மாத்திர போட்டுட்டு ஏறிக்கறேன். டெஸ்ட்டுல ஒண்ணும் காட்டல, அதான் சாதா சளின்னு..." அவன் நிறுத்தினான். "சாதா சளிதானே சிஸ்டர்?"

அவள் புது கிட் ஒன்றைப் பிரித்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, தாளில் போட்டிருந்த ஆழத்துக்கு, தாளில் போட்டிருந்தபடி இரண்டு துவாரத்திலும் ஐந்து சுற்று. மூன்று சொட்டு. கடிகாரம். வெங்கடம்மா வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதேஷ் இரண்டு முறை இருமினான்.

பதினைந்து நிமிடம். ஒரு கோடு.

இன்னொரு பெட்டியிலிருந்து இன்னொரு கிட். இன்னொரு பதினைந்து நிமிடம். ஒரு கோடு.

மாதேஷின் முகம் தெளிந்தது. "நான்தான் சொன்னேனே சிஸ்டர். ராசியான மூக்கு."

ரூபி அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதினாள். கம்பெனி ஆம்புலன்ஸில் அவனை ஏற்றி, சாம்பிள் கொடுத்துவிட்டு நேராகத் தன் அறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னாள். பிரேம்குமாரிடம், மாதேஷுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். மற்றதை முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். அன்று மாலை ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று கேட்கப் போனாள். வார்டன் அனிதா, சாவி நாளைக்குத்தான் வரும் என்றாள். ரூபி திரும்பி வந்து தன் மூக்கில் குச்சி விட்டாள். ஒரு கோடு. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கக் காரணமும் கையில் இல்லை. வீட்டுக்குப் போய், தலைவலி என்று சொல்லி மாஸ்க்கோடு வெளி அறையில் படுத்துக்கொண்டாள்.

*

அடுத்த நாள் மதியம் மூன்று மணிக்கு மாதேஷே போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"பாசிட்டிவ்னு மெசேஜ் வந்திருக்கு சிஸ்டர். தப்பா இருக்குமா?"

"இருக்காது மாதேஷ். தண்ணி நெறையக் குடி. மூச்சு வாங்குனா உடனே கூப்புடு."

"அப்ப அந்த ஒத்தக் கோடு?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி மேசை மேல் இருந்தது.

ஷீட்களை எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தாநாளும் நேற்றும் அவனுக்குக் காய்ச்சல். அந்த இரண்டு நாளும் அவன் மூக்கிலிருந்து எழுபத்தாறு கேசட். அவள் கையால் எடுத்தது இரண்டு. எழுபத்தெட்டு. திட்டம் போட்டு யாரும் இப்படி ஒரு சோதனை செய்திருக்க மாட்டார்கள். ஒரே நோயாளி, எழுபத்தெட்டு முறை. எழுபத்தெட்டிலும் அந்தக் கிட்டு ஒன்றுமில்லை என்றது. ஏமாற்றியவர்கள் பஸ்ஸில் இருந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஏமாற்றாமல் இருந்திருந்தால் கிட்டின் லட்சணம் தெரிந்திருக்காது.

பிறகு, நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்ததை நினைத்தாள். அவளுடைய பத்து கேசட். பத்து மாலை. அதில் ஒன்பது சாப்பாடு, யேசுராஜின் பக்கத்தில்.

பிரேம்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். "இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதாங்க சார் மொதல்ல."

"நல்லது. மாதேஷ் பண்ணது ஃபிராடு. ரிப்போர்ட்ல அத எழுதுங்க. கிட்டப் பத்தி ஒரு வார்த்த வேணாம்."

"கிட்டும் காட்டல சார்."

"நூறு பேருக்குப் போட்டா பத்து பேரு தப்பும்னு கிட்டுலயே போட்டிருக்கு."

"தப்புனது பத்து பேரு இல்ல சார். ஒரே ஆளு, எழுபத்தெட்டு தடவ."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே இரண்டாம் ஷிஃப்ட் பஸ்கள் வந்து நின்றிருந்தன. "கிட்டு காட்டலன்னு எழுதுனா, இத்தன நாள் உள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க. ஷீட்ல என் பேரு இல்ல. உங்க பேருதான் இருக்கு. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

ரூபி இரண்டையும் எழுதினாள். ஒரு நகலைப் பிரேம்குமாரின் மேசையில் வைத்தாள். இன்னொன்றைப் பதிவுத் தபாலில் வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினாள். போகிற வழியில் அரசு மருத்துவமனையில் நின்று தன் சாம்பிளையும் கொடுத்தாள். இந்த முறை தொண்டையிலும் எடுத்தார்கள். முடிவு நாளைக்கு வரும் என்றார்கள்.

ஹாஸ்டல் சாவி பையில் இருந்தது. மாற்றுத் துணிதான் இல்லை.

மத்திகிரி வீட்டின் முன் ஸ்கூட்டரை நிறுத்தும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ரூபி கேட்டைத் தொடவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று போன் செய்தாள். யேசுராஜ் ஜன்னலுக்கு வந்து திரையை விலக்கினான். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"என்ன, அங்கயே நின்னுட்ட?"

"ஏங்க, பெட்டியில என் துணி நாலு எடுத்து வெளிய கேட்டு மேல மாட்டுங்க. நீங்க உள்ள போனப்புறம் நான் வந்து எடுத்துக்கறேன். கொஞ்ச நாளு ஹாஸ்டல்ல இருக்கேன்."

"ஏன்? உனக்கு ரெண்டு கோடு வந்துருச்சா?"

"இல்ல. ஒரு கோடுதான்."

"அப்புறம் என்ன?"

அவள் மாதேஷைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜன்னலில் அவன் முகம் மாறுவதைப் பார்த்தாள். கோபம் என்று முதலில் நினைத்தாள். கோபம் இல்லை. இந்த வீட்டில் அந்த முகத்தை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், ஆபரேஷனுக்குத் தேதி வந்த அன்று.

சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவன் தொண்டையைச் செருமினான். செருமிவிட்டு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். அவளுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. அவளுக்குக் கேட்டது.

"என்னங்க?"

"நீ பயப்படுவேன்னுதான் சொல்லல. மூணு நாளா தொண்ட வலி. உன் பையில இருந்த கிட்டுல நானே போட்டுப் பாத்தேன். மூணு நாளும் ஒரே கோடுதான் ரூபி, ஒரே கோடுதான். அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே?"